பதினான்கு மாதத்தில் எத்தனை நாள் வீட்டில?

ஒரு கணக்கில இருந்து தொடங்குவம். மூளையில வருகிற புற்றுக்கட்டிகளில மிக வேகமாகப் பெருகும் ஒன்றுக்குக் கிளியோபிளாஸ்டோமா என்று பெயர். இதற்குக் கதிர்வீச்சு, எங்கட சனத்தின் பேச்சில 'கறண்ட் பிடிக்கிறது', வழமையாக 30 தடவை. கிழமைக்கு 5 நாள், 6 கிழமை. ஒவ்வொரு தடவையும் மெஷினுக்குக் கீழ கிடப்பது சில நிமிஷம்தான். மகரகம ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில குடியிருக்கிறவர் காலமை போய் மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்திடலாம். கிளிவெட்டியில இருந்து போகிறவருக்கு அந்தச் சில நிமிஷம் ஒரு முழு நாள். இல்லாவிட்டால், ஆறு கிழமை வீட்டையே மறக்க வேணும்.

இனி வருத்தத்தின் கணக்கு. 2005இல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுதான் இன்றைக்கும் உலகம் முழுக்க இந்தச் சிகிச்சைக்கு அடிப்படை. ரொஜர் ஸ்டப் என்ற வைத்தியர் தலைமையில 573 நோயாளிகள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில பாதிப்பேர் 12.1 மாதத்துக்கு மேல வாழ்ந்தார்கள். அதோட ரெமோசோலமைட் என்ற குளிசையும் எடுத்தவர்களில பாதிப்பேர் 14.6 மாதத்துக்கு மேல. இரண்டரை மாத வித்தியாசம். 'இவ்வளவுதானா?' என்று எங்களுக்கும் முதலில தோன்றியது. ஆனால் இரண்டு வருஷம் தாண்டியவர்களைப் பார்த்தால் நூற்றுக்குப் பத்துப்பேர் இருந்த இடத்தில 26 பேர். ஐந்து வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேராக இருந்து பத்துப்பேர் அளவுக்கு வந்தார்கள். ஆகவே குளிசை வீண் இல்ல. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அந்த ஆய்வில சேர்த்தது 70 வயதுக்கு உட்பட்ட, ஓரளவு தெம்பாக நடமாடிய ஆட்களை. வெளியில, எல்லா வயதிலும், நிலைமை இதைவிட மோசம்.

ஏன் முழுசா எடுக்க ஏலாது என்று கேட்பார்கள். வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோரையைச் சொன்னால் விளங்கும். மேல தெரிவதைப் பிடுங்கலாம், கிழங்கு மண்ணுக்குள்ள எங்கெங்கயோ ஓடியிருக்கும். இந்தக் கட்டியும் அப்படித்தான். சத்திரசிகிச்சையில வைத்தியர் கண்ணுக்குத் தெரிவதை எடுக்கிறார். நல்ல மூளைக்குள்ள ஊடுருவிப் போனதை எடுக்க வெளிக்கிட்டால் பேச்சும் கையும் காலும் போயிடும்.

காசு இருந்தால் மாறுமா? அமெரிக்க செனட்டர் ஜோன் மெக்கெயினுக்கு 2017 ஜூலையில கண்டுபிடித்தார்கள், 2018 ஓகஸ்ட் 25இல இறந்தார். எட்வர்ட் கென்னடிக்கு 2008 மேயில கண்டுபிடித்தார்கள், 2009இல அதே ஓகஸ்ட் 25இல இறந்தார். உலகத்தில கிடைக்கிற எல்லாம் கிடைத்திருக்கக்கூடிய ஆட்கள் இவர்கள். தலையில ஒட்டி மின்புலம் பாய்ச்சுகிற கருவி ஒன்றும் இருக்கு. ஆய்வில அது ஐந்து மாதமளவு கூட்டிக் கொடுத்தது. அதன் பட்டியல் விலை மாதத்துக்கு 20,000 டொலருக்கு மேல. இதையெல்லாம் சொல்லக் காரணம், வயலை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடகு வைத்து, சென்னைக்கு மூன்றாவது அபிப்பிராயம் கேட்கப் போகிற குடும்பங்கள். போக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்ல. ஆனால் அடிப்படைச் சிகிச்சை அங்கயும் இதேதான்: சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, ரெமோசோலமைட். மாதக் கணக்கில காலம் இருக்கிற ஒருவருக்கு விசா, விமானம், வாடகை அறை என்று கரைகிற ஒவ்வொரு கிழமையும் எங்கயிருந்து கழிகிறது என்பதைப் போக முதல் யோசிக்க வேணும்.

கொட்டியாரத்துச் சனத்துக்குக் காத்திருக்கிறது புதுசு இல்ல. 2009இல கிண்ணியாப் பாலம் திறக்கிற வரைக்கும் நோயாளியோட 'பாதை'க்குக் காவல் நின்ற ஊர்கள் இவை. 2006இல சம்பூரில இருந்து வந்த சனம் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில வருஷக் கணக்கில இருந்தது. அந்தப் பொறுமை இந்த வருத்தத்துக்கு உதவாது.

இதுதான் எங்கட வாதம்: முழுசா மாற்ற ஏலாத ஒரு வருத்தத்தில, 'எத்தனை மாதம்' என்பதோட 'அதில எத்தனை நாள் வீட்டில' என்றதையும் சிகிச்சையின் கேள்வியாக எடுக்க வேணும்.

ஒரு அப்பாவை நினையுங்கோ. 67 வயது, வலது கையும் காலும் இழுத்திட்டு, தனிய எழும்ப ஏலாது. அவருக்கு 30 நாள் தேவையா? வயது போனவர்களுக்கு மூன்று கிழமையில 15 தடவை கொடுத்தாலும் ஆறு கிழமை கொடுத்த அளவுக்குத்தான் ஆயுள் என்று 2004இலயே ஒரு கனடிய ஆய்வு காட்டியது. பிறகு சர்வதேச அணுசக்தி முகவரகம் முன்னின்று நடத்தி 2015இல வெளிவந்த ஆய்வில, வயது போன, பலவீனமான ஆட்களுக்கு ஒரே கிழமையில 5 தடவை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று கிழமைக் கிசிச்சையைவிட ஆயுள் குறையவில்லை. சின்ன ஆய்வு, 98 பேர்தான். ஆனாலும் 30 பயணத்துக்கும் 5 பயணத்துக்கும் இடையில உள்ள வித்தியாசம் மட்டக்களப்பு பஸ்ஸில நோயாளியோட போய் வந்தவர்களுக்குத் தெரியும். இளமையும் தெம்பும் உள்ளவருக்கு முழு ஆறு கிழமைதான் சரி. யாருக்கு எது என்று வைத்தியர்தான் சொல்ல வேணும். 'டொக்டர், இவருக்குக் குறுகிய முறை சரிவருமா?' என்று கேட்க வேண்டியது நாங்கள்.

மற்றது, டெக்ஸாமெதசோன். மூளை வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீரொயிட். கொடுத்து இரண்டு மூன்று நாளில தலையிடி குறையும், பேசாதவர் பேசுவார், படுத்தவர் எழும்பி இருப்பார். வீட்டுக்காரர் அதே கிழமை நூல் கட்டியிருந்தால் நூலுக்குப் பெயர் போகும், நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதுக்குப் போகும். பிறகு 'இனிச் சுகம்தானே' என்று குளிசையைச் சடாரென்று நிற்பாட்டுவார்கள். அது ஆபத்து. வீக்கம் குறைந்ததே ஒழிய கட்டி அப்படியேதான் இருக்கு. அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறவர்களோட எங்களுக்குச் சண்டை இல்ல, குளிசையை வைத்தியரைக் கேட்காமல் விடாதேங்கோ என்பதுதான்.

எங்களுக்குள்ளயே கனக்க வாக்குவாதப்பட்டது ஒரு விஷயத்தில: நோயாளிக்குச் சொல்லுறதா, விடுறதா? எங்கட வீடுகளில முதல் வார்த்தையே 'அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ'. எங்களில ஒருவர், 'இலக்கத்தைச் சொன்னால் ஆள் அடுத்த நாளே படுத்திடும்' என்றார். பயம் நியாயமானது. ஆனால் இந்த வருத்தம் மற்றப் புற்றுநோய்களைப் போல இல்ல. இது பிடிக்கிறது மூளையை. பேச்சும் ஞாபகமும் குணமும் உயிருக்கு முதலே போகலாம். காணி உறுதியில கையெழுத்து, தம்பியோட பேசாமல் விட்ட பேச்சு, மூத்தவளின் கலியாணம், எதையும் அவரைக் கேட்டுச் செய்வதென்றால் முதல் சில மாதம்தான் இருக்கு. மறைக்கிற குடும்பம் அந்த மாதங்களைத்தான் அவரிட்ட இருந்து எடுக்குது. இலக்கம் சொல்லத் தேவையில்ல. 'இது மாறுகிற வருத்தம் இல்லயாம் அப்பா, மருந்தால கொஞ்சக் காலம் பிடித்து வைக்கலாமாம்' என்று சொல்ல முடியும். அதையும் விளங்குகிற மொழியில சொல்ல ஆள் வேணும். ரிப்போர்ட் ஆங்கிலத்தில, தெற்கில வாட்டுக்குள்ள கதை சிங்களத்தில என்றால் மகனே பாதியைத்தான் விளங்கி வருவான். அவன் அப்பாவுக்கு எதைச் சொல்லுவான்?

கடைசி மாதங்களைப் பற்றி எங்கட ஊர்களில ஒருவரும் கதைப்பதில்ல. வலிப்புக்கு மருந்து, தலையிடிக்குத் தேவைப்பட்டால் மோர்பின், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறது, விழுங்க ஏலாதபோது என்ன செய்வது. இதுக்கெல்லாம் கொழும்பு வேணுமா? கேரளத்தில 1993இல கோழிக்கோட்டில ஒரு சின்ன வலி நிவாரண கிளினிக்காகத் தொடங்கியது, பிறகு ஊர் ஊராகத் தொண்டர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008இல அந்த அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. மலப்புறத்தில போனவர்களில மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்தது வைத்தியம் இல்ல: புண்ணைத் துப்புரவாக்கினார்கள், மருந்து முடிந்ததா என்று பார்த்தார்கள், பக்கத்தில இருந்து கதைத்தார்கள். பின்னால ஒரு தாதியும் ஒரு வைத்தியரும் இருந்தார்கள்.

மூதூர் தள வைத்தியசாலையைச் சுற்றி இப்படி ஒன்று ஏலாதா? ரெமோசோலமைட் வீட்டில இருந்தே விழுங்கிற குளிசை, 28 நாளுக்கு ஒருக்கா 5 நாள். இடையில இரத்தப் பரிசோதனை தேவை. அதை மூதூரில எடுத்து முடிவைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஒரு பயணம் மிச்சம். மட்டக்களப்பில கறண்ட் பிடிக்கப் போகிறவரும் துணைக்குப் போகிறவரும் கிழமை நாட்களில தங்க ஒரு அறை கிடைத்தால், வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி சனி ஞாயிறு வீட்டில நிற்கலாம். வருஷா வருஷம் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குக் காசு சேர்க்கிற கழகங்கள் எங்களிட்ட இருக்கு. அறை வாடகை அதைவிடக் கூடவா வரும்? கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறம். இந்த வேலையில முன்னமே கை வைத்தவர்கள், தாதியர், நோயாளியோட ஆறு கிழமை வெளியில நின்றவர்கள் யாரும் இதை வாசித்தால் எங்களோட ஒருக்கா கதையுங்கோ. முதலில அறைக்காரரிட்ட என்ன கேட்க வேணும் என்றதே எங்களுக்கு இன்னும் வடிவாத் தெரியாது.