அஞ்சாத விசுவாசம்

ஞானோபதேசப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்குகிறோம். பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறோம். ஆயினும் பேருந்தில் கோவிலைக் கடக்கும்போது சிலுவை அடையாளம் வரைய நம் கை தயங்குவதேன்? வகுப்பே ஒதுக்கி வைத்த ஒருத்தியின் பக்கத்தில் அமர நம் கால் பின்வாங்குவதேன்? “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்ற அச்சமே காரணம். இன்று நம் விசுவாசத்திற்குப் பெரும் பகை வாளும் சிறையும் அல்ல, இந்த நாலு பேர் வாய்தான் என்பது என் கருத்து.

வாளையும் சிறையையும் நாலு பேர் வாயையும் ஒருங்கே வென்ற ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்திருக்கிறார். 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். உயர்குலம், செல்வம், செல்வாக்கு யாவும் அவருக்கு இருந்தன. அடுத்தடுத்து இழப்புகள் வந்து அவர் மனமுடைந்திருந்த வேளையில் ஆறுதல் சொன்னவர் டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்த டச்சுப் படைத்தலைவர் அவர். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை அவர் தம் நண்பருக்கு எடுத்துரைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் தோழியரே! டிலனாய் மேடையேறிப் பேசவில்லை, வாதாடி வெல்லவுமில்லை. நண்பரின் துயரத்தைக் கண்டார். தம்மைத் தாங்கிய நம்பிக்கையை அவரோடு பகிர்ந்துகொண்டார். விசுவாசத்தைப் பகிர இதைவிட நல்வழி உண்டோ?

1745-இல் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்று நீலகண்டன் தேவசகாயம் ஆனார். முதலில் அஞ்சித் தயங்கிய அவர் மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் ஞானப்பூ என்னும் பெயருடன் திருமறையைத் தழுவினார். தாழ்ந்தோர் என்று தள்ளி வைக்கப்பட்ட மக்களோடு தேவசகாயம் வேறுபாடின்றிப் பழகினார். அரண்மனையில் பலருக்கு அது பொறுக்கவில்லை. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின்மேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். ஊரார் சிரிப்புக்கு அஞ்சும் நமக்கு இந்தக் காட்சி ஒன்றே போதாதா? இறுதியாக 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவ்வேளையில் ‘பிள்ளை’ என்ற குலப் பெயர் நீக்கப்பட்டுத் ‘தேவசகாயம்’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோவிலில், சாதி பார்த்து மக்களைப் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது! பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, நடுவிலோ சுவர்! 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்லர். அதே கோவிலில் முழந்தாளிட்டவர்கள். ஆகவே, விசுவாசத்தை வாழ்ந்து காட்டும்போது எதிர்ப்பு வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணாதீர்கள். சொந்த வீட்டிலிருந்தும் உறவினரிடமிருந்தும் அது வரலாம்.

கற்சுவர் போயிற்று, மனச்சுவர் போயிற்றா? மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதியை அறியும் வழக்கம் நம் மாநிலத்துப் பள்ளிகளில் இன்னும் அற்றுப்போகவில்லை. “இவள் நம் ஆள், அவள் வேற்றாள்” என்று பிரித்துவிட்டு, மாலையில் கூடிச் செபமாலை சொல்வதால் பயன் என்ன?

அஞ்சாமை என்றால் பிறர் சமயத்தை இகழ்வது என்று பொருளன்று. நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தான் நம்பும் சமயத்தைக் கடைப்பிடிக்கவும் எடுத்துரைக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. அவ்வுரிமை நமக்கு உண்டு. நம்மோடு பயிலும் இந்து, முஸ்லிம் தோழியருக்கும் உண்டு. அவர்கள் கேட்டால் நம் நம்பிக்கையை வெட்கமின்றிச் சொல்வோம். அவர்கள் தங்கள் நம்பிக்கையைச் சொல்லும்போது மரியாதையோடு கேட்போம். கேளாதபோது நம் நடத்தை பேசட்டும்.

காற்றாடி மலைக்கு இன்று நம்மை யாரும் இழுத்துச் செல்லப் போவதில்லை. பார்த்து எழுத எல்லோரும் துணிந்த தேர்வில் நேர்மையாக எழுதுவது, ஒருத்தியைப் பழிக்கும் பேச்சில் “போதும், நிறுத்துங்கள்” என்பது, மதிய உணவு வேளையில் தனித்திருப்பவளுடன் நம் சோற்றைப் பகிர்ந்துண்பது: நம்மிடம் கேட்கப்படும் சாட்சியம் இவ்வளவே. இதற்கும் அஞ்சுவோமானால் புனிதரின் திருநாளைக் கொண்டாட நமக்கு ஏது தகுதி? எழுங்கள் தோழியரே! நாலு பேர் பேசட்டும். ஐந்தாமவளாக நின்று நாம் அன்பு செய்வோம்.