கம்பி இல்லாத கிட்டார்

இடது உள்ளங்கையை மேசைமீது விரித்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்பக்கமாக மடித்துக்கொள்ளுங்கள். இனி மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். கட்டைவிரல் எழும். சுட்டுவிரல் எழும். சுண்டுவிரலும் எழும். மோதிர விரல் மட்டும் மேசையோடு ஒட்டவைத்ததுபோலக் கிடக்கும்.

கிட்டார் கற்கத் தொடங்கிய முதல் வருஷம் முழுக்க இந்த விரலின்மேல் எனக்குக் கோபம். சி கார்டிலிருந்து ஜி கார்டுக்குப் போகும்போது ஐந்தாவது கம்பியிலிருந்து முதல் கம்பிக்குத் தாவ வேண்டியது அதுதான். மற்ற இரண்டு விரல்களும் போய் உட்கார்ந்த பிறகு, கடைசி ஆளாக வந்து சேரும். தாளம் அதற்குள் ஒரு தட்டு நழுவியிருக்கும். விரலில் பலம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு என் ஆறு மாத வாசிப்பைத் தின்றது.

கையின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. விரலை மடக்கவும் நீட்டவும் செய்யும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. சில உள்ளங்கையில் இருக்கின்றன. பெரியவை எல்லாம் முழங்கைக்குக் கீழே முன்கையில். அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி வந்து விரல்களை இழுக்கின்றன, பொம்மலாட்டக்காரர் கையில் இருக்கும் கயிறுகள் மாதிரி. சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நீட்டுவதற்கென்று தனியாக ஆளுக்கொரு தசை உண்டு. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அப்படித் தனிச்சொத்து கிடையாது. பொதுவான ஒரு தசையைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. போதாததற்குப் புறங்கையில் மோதிர விரலின் நாண் இரு பக்கத்து நாண்களோடும் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கிறது. நடுவிரலை மடித்துவிட்டால் மோதிர விரலின் கயிறும் சேர்ந்து பிடிபட்டுவிடும். நான் சோம்பேறி என்று திட்டிய விரல், கட்டுண்டு கிடந்த விரல்.

இது தெரியாமல், விரலுக்கு ஒன்றாக நான்கு ஸ்பிரிங் வைத்த ஒரு கருவியை வாங்கினேன். தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கோட்டைக்குப் போய்வருகிறேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. வீட்டில் கிட்டாரைத் தொட இருபது நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ரயில் முழுக்க ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே போனேன். மூன்றாவது வாரம் முழங்கையின் உள்பக்கத்தில் வலி பிடித்தது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை.

பிசியோதெரபி செய்யும் அம்மையார் ஒருவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பிடிக்கறதுதான் வேலை. பையைப் பிடிக்கறீங்க, ஃபோனைப் பிடிக்கறீங்க, மவுஸைப் பிடிக்கறீங்க. வீட்டுக்குப் போய் கிட்டாரையும் பிடிக்கறீங்க. கை விரியறதுக்கு எப்ப சார் வேலை குடுத்தீங்க?”

மேசை இழுப்பறையிலிருந்து சாதாரண ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து, ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்து அதற்குள் நுழைக்கச் சொன்னார். பூ விரிவதுபோல மெதுவாக விரித்து, அதைவிட மெதுவாகக் குவிக்க வேண்டும். பத்து முறை போதும், வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்றார். இன்றுவரை செய்கிறேன். ஸ்பிரிங் கருவியை அதற்குப் பிறகு தொடவில்லை.

விரலைக் கருவி போட்டு வழிக்குக் கொண்டுவரும் ஆசை இருநூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1814இலேயே லோஜியர் என்ற இசை ஆசிரியர் பியானோ மாணவர்களின் கையை ஒழுங்கில் நிறுத்த ஒரு சட்டகம் செய்து காப்புரிமை வாங்கினார். அதைவிட மனதைப் பிசைவது ராபர்ட் ஷூமனின் கதை. லைப்சிக்கில் பியானோ மேதையாவதற்கு உழைத்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன். வலது கை நடுவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதைப் பழக்க ஏதோ ஒரு இயந்திரத்தைப் பயன்படுத்தினார். 1832 வாக்கில் கை மேடைக்கு உதவாமல் போயிற்று. இயந்திரம்தான் கெடுத்ததா, அதற்கு முன்பே மூளைக்கும் விரலுக்கும் இடையில் கோளாறு தொடங்கிவிட்டதா என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இசையமைப்பாளராக அவர் கொடுத்தது ஏராளம். ஆனாலும் தன் விரலோடு தானே மல்லுக்கட்டிய அந்த இளைஞனை நினைத்தால் எனக்கு இன்றும் முன்கை வலிக்கிறது.

கிட்டாருக்கு உண்மையில் எவ்வளவு பலம் வேண்டும்? எங்கள் மாஸ்டர் ஒரு சோதனை வைத்தார். ஃப்ரெட் கம்பியை ஒட்டி விரலைச் சும்மா வைத்து, வலது கையால் மீட்டிக்கொண்டே அழுத்தத்தைத் துளித்துளியாகக் கூட்டச் சொன்னார். முதலில் மொட்டையாக ஒரு சத்தம், அப்புறம் பர்ர் என்ற அதிர்வு, சட்டென்று தெளிந்த ஸ்வரம். “அங்கயே நில்லுங்க சார். அதுக்கு மேல அழுத்தறது எல்லாம் வீண்.” நான் வழக்கமாகக் கொடுத்துவந்த அழுத்தத்தில் பாதிகூட அது இல்லை. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வண்டி வீடு 1928இல் தீப்பிடித்தபோது அவருடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருங்கிப்போயின. அதற்குப் பிறகு தனி வாசிப்பெல்லாம் பெரும்பாலும் மீதி இரண்டு விரல்களால்தான். அந்தப் பதிவுகளைக் கேட்கும் யாரும் விரலின் பலத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

எனவே ரயிலில் இப்போது நான் செய்வது வேறு. தோள்பையைத் தொடைமேல் வைத்து, அதன்மேல் இடது கை விரல்களை வளைத்து வைக்கிறேன். மிருதங்கம் பயிலும் பிள்ளைகள் தொடையிலும் பெஞ்சிலும் தட்டிக்கொண்டே திரிவதைப் பார்த்திருப்பீர்கள், அவர்களிடமிருந்து கற்றதுதான். சுட்டுவிரலுக்கு த, நடுவிரலுக்கு க, மோதிர விரலுக்கு தி, சுண்டுவிரலுக்கு மி. நான்கு விரல்களை வரிசை மாற்றித் தட்ட 24 வழிகள் உண்டு. தகதிமி சுலபம். ததிகமி கொஞ்சம் யோசிக்க வைக்கும். திகமித வரும்போது மனசு ஒரு கணம் தடுமாறும். ஒரு விரல் தட்டும்போது மற்றவை துள்ளக் கூடாது. பையைத் தொட்டபடியே சும்மா இருக்க வேண்டும். கஷ்டம் முழுவதும் இந்தச் சும்மா இருப்பதில்தான். தட்டும் விரலும் உயர எழக் கூடாது, ஒரு அரிசி மணி உள்ளே போகும் அளவு இடைவெளி போதும். கிண்டிக்கும் மாம்பலத்துக்கும் இடையில் கூட்டம் நெருக்கினால் விட்டுவிடுவேன்.

வலது கைக்கு அலுவலக மேசை. ஸ்பானியக் கிட்டாரில் ‘ட்ரெமலோ’ என்றொரு வாசிப்பு உண்டு. கட்டைவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பியைத் தொட, மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் அடுத்தடுத்து ஒரே கம்பியை மீட்டும். தொடர்ந்து கேட்டால் தாரையாக வழியும். இசையமைப்பாளர் தாரேகாவின் ‘அல்ஹம்ப்ராவின் நினைவுகள்’ முழுக்க இதுதான். கிட்டாரில் அதை வாசிக்கும்போது கம்பியின் இனிமை என் குறையை மூடிவிடுகிறது. மேசையில் இனிமை ஏது? மரச்சத்தம் மட்டும்தான். மூன்று தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி சமமா இல்லையா என்பது அப்படியே காதில் விழும். என்னுடையது நொண்டிக் குதிரை ஓடுவதுபோல இருந்தது. இரண்டு வருஷம் கிட்டாரில் எனக்குக் கேட்காத குறையை ஒரு சாயங்காலத்தில் மேசை சொல்லிக் கொடுத்தது. விரல் நுனி காய்த்துப்போவதையும் கம்பியின் எதிர்ப்பையும் அது தராதுதான். அதற்குக் கிட்டாரிடமே போக வேண்டும்.

கை அசையாமலே செய்யும் பயிற்சியும் உண்டு. 1995இல் பாஸ்குவால்-லியோனே என்ற நரம்பியல் அறிஞரும் அவர் குழுவினரும் பியானோ தெரியாதவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். ஐந்து விரலுக்கான ஒரு சிறு பயிற்சி, தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு குழு வாசித்தது. இன்னொன்று விரலை அசைக்காமல் வாசிப்பதாகக் கற்பனை மட்டும் செய்தது. விரல்களை ஆளும் மூளைப்பகுதி இரு குழுவினருக்குமே விரிந்திருந்தது. கற்பனைக் குழுவின் வாசிப்பு, வாசித்தவர்களின் மூன்றாம் நாள் அளவுக்கு வந்திருந்தது. அப்புறம் இரண்டு மணி நேரம் உண்மையாக வாசித்ததும் அவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

மேல்வீட்டில் கைக்குழந்தை பிறந்ததிலிருந்து இரவு ஒன்பதுக்கு மேல் எங்கள் வீட்டில் கிட்டார் உறையை விட்டு வெளியே வராது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி, மறுநாள் வாசிக்க வேண்டியதை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டுவேன். எந்த விரல், எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். போன செவ்வாய்க்கிழமை இரவு, ஒன்பதாவது வரியின் நடுவில் படம் மறைந்துவிட்டது. ஸ்வரம் காதில் ஒலிக்கிறது, விரல் எதுவென்று தெரியவில்லை. திரும்ப எட்டாவது வரியிலிருந்து வந்தேன். அதே இடத்தில் மறுபடியும் இருட்டு. நான்கு மாதமாகக் கை தடுக்கிக்கொண்டிருந்த இடம் அதுதான். காலையில் எழுந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். மாஸ்டர் அங்கே பென்சிலால் 3 என்று எழுதியிருந்தார்: மோதிர விரல்.