புகைக்கு யார் பொறுப்பு?

ஏழை நாடுகள் அறியாமையால் காற்றைக் கெடுக்கின்றன என்பர் ஒரு சாரார். முதலில் வளர்வோம், புகையைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பர் மறு சாரார். இரண்டுமே முழு உண்மையல்ல என்பது என் கருத்து.

ஆண்டுதோறும் ஓர் இந்தியரின் பங்காக வெளியேறும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். ஓர் அமெரிக்கரின் பங்கோ ஏறத்தாழ 14 டன். ஆகவே ஏழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியன்று. ஆயினும், நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. இன்று கட்டும் அனல்மின் நிலையம் முப்பது, நாற்பது ஆண்டுகள் புகை கக்கும். பிறகு பார்த்துக்கொள்ள அங்கே இடமேது?

காரணம் மனமின்மையா? இல்லை, பணமும் அமைப்பு முறையுமே. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் எரிபொருள் செலவில்லை. ஆனால் மொத்த முதலையும் தொடக்கத்திலேயே போட்டாக வேண்டும். வட்டி மிகுந்த நாட்டில் அம்மின்சாரத்தின் விலையும் ஏறிவிடுகிறது.

நம் மாநில உழவர்க்கு மின்சாரம் இலவசம். பம்புசெட் நீரில் விளைந்த சோற்றை உண்டு, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். அவ்வுரிமையைப் பறிக்கச் சொல்ல என் நா எழாது. ஆனால் பல இணைப்புகளில் மீட்டர் இல்லை. மோட்டாரின் குதிரைத்திறனைக் கணக்கிட்டே அரசு வாரியத்துக்கு மானியம் தருகிறது. மோட்டார் கருகினால் காயில் கட்டி மீண்டும் ஓட்டுகிறோம். திறன்மிக்க புது மோட்டார் வாங்கினால் மின்சாரம் மிச்சம். வாங்கியவருக்கோ ஒரு காசும் மிச்சமில்லை. பின் ஏன் வாங்குவார்? குறை உழவரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

ஏற்பாடு மாறினால் நிலைமையும் மாறும். 2014-இல் நம் அரசு நிறுவனம் ஓர் எல்.இ.டி. பல்பை ஏறத்தாழ 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. நாடு முழுவதற்குமான தேவையை ஒன்றுதிரட்டி மொத்தமாகக் கேட்டதும், 2016-இல் அவ்விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளை அடைந்தன. ஏழைக்கு எவரும் உபதேசம் செய்யவில்லை. விலை அவர் கைக்கு எட்டியது, அவ்வளவே.

மோட்டாருக்கும் இவ்வழி ஏன் கூடாது? மீட்டர் என்றதும் கட்டணம் வருமென்று உழவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர் மூவர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அந்த அச்சத்தைச் சட்டத்தால் அல்ல, நம்பிக்கையால்தான் போக்க முடியும். பஞ்சாபில் 2018-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இலவசத்தில் கை வைக்காமல், உழவர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கொடுத்தார்கள். அங்கே மீட்டர் பறிக்கும் கருவியன்று, கொடுக்கும் கருவி.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை வாரியங்களிலும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அமரப்போகிறோம். அன்று நம் முன் வரும் கோப்பு ஒவ்வொன்றிலும் ஓர் உழவரின் மோட்டாரும் உண்டு, ஒரு புகைபோக்கியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.