பதக்கம் கொடுத்தார்கள், பணியிடம் கொடுக்கவில்லை

1945 அக்டோபர் 15 அன்று சோவியத் விமானப்படை தன்னுடைய 46-வது தமான் கார்ட்ஸ் இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவைக் கலைத்தது. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 24,000 முறை பறந்து, சுமார் 3,000 டன் குண்டுகளை எதிரியின் மீது போட்ட பிரிவு அது. விமானி, நேவிகேட்டர், மெக்கானிக், குண்டு மாட்டுபவர், தளபதி என அதில் இருந்த அத்தனை பேரும் பெண்கள். நாட்டின் உச்ச விருதான ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் அவர்களில் 23 பேருக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்காக இந்தப் பட்டம் பெற்ற பெண்கள் மொத்தமே ஏறக்குறைய 90 பேர். அதாவது, நான்கில் ஒருவர் இந்த ஒரே பிரிவைச் சேர்ந்தவர்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துணிச்சலைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று ஜெர்மானியர் வைத்ததாகச் சொல்லப்படும் பெயரும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. துணிச்சல் உண்மைதான். ஆனால், அந்தப் படைப்பிரிவை அந்தப் பெண்கள் தாங்களே கட்டி எழுப்பி, தாங்களே ஆள் பழக்கி, தாங்களே முறை வகுத்து நடத்தினார்கள் என்பது அதைவிடப் பெரிய உண்மை. சோவியத் அரசு அவர்களுடைய துணிச்சலுக்கு நட்சத்திரம் குத்தியது. அவர்களுடைய திறமைக்குப் போருக்குப் பிறகு விமானப்படையில் இடம் வைக்கவில்லை. இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துப் பேசினால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.

ரஸ்கோவா திறந்த வழி

1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்தபோது, விமானம் ஓட்டத் தெரிந்த இளம்பெண்கள் சோவியத் நாட்டில் கணிசமாக இருந்தார்கள். ‘ஒசோவியாகிம்’ என்ற அமைப்பின் பறக்கும் கழகங்கள் முப்பதுகளில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி தந்திருந்தன. போர் தொடங்கியதும் முன்னணிக்கு அனுப்பச் சொல்லி மனுப் போட்ட பெண்கள் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

வழி திறந்தவர் மரீனா ரஸ்கோவா. 1938-ல் வலென்தினா கிரிசதூபவா, பலீனா ஒசிபென்கோ ஆகியோருடன் மாஸ்கோவிலிருந்து தூரக் கிழக்குக்கு இடைநில்லாமல் பறந்து சாதனை படைத்த நேவிகேட்டர் அவர். அந்தப் புகழையும் செல்வாக்கையும் பயன்படுத்தி, பெண்களுக்கான படைப்பிரிவுகளுக்கு அவர் அனுமதி வாங்கினார். 1941 அக்டோபர் 8 தேதியிட்ட ஆணையின்படி மூன்று பிரிவுகள் உருவாயின: 586 போர் விமானங்களுக்கு, 587 பகல் குண்டுவீச்சுக்கு, 588 இரவுக் குண்டுவீச்சுக்கு. வோல்கா நதிக்கரையில் உள்ள எங்கெல்ஸ் நகரத்தில் பயிற்சி நடந்தது. பல ஆண்டுகளுக்கான பாடத்தைச் சில மாதங்களில் படித்து முடித்தார்கள். 1943 ஜனவரியில் ரஸ்கோவா விமான விபத்தில் இறந்தார். அவருடைய அஸ்தி கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது.

588-க்குத் தளபதியானவர் எவ்தகீயா பெர்ஷான்ஸ்கயா. போருக்கு முன்பே விமானிகளைப் பழக்கியவர். அவருக்குக் கீழ் அலுவலர் குழுத் தலைவராக (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) இருந்த இரீனா ரகபோல்ஸ்கயா, மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவர். 1942 ஜூனில் தெற்கு முனையில் அவர்களுடைய தாக்குதல் தொடங்கியது. 1943 பிப்ரவரியில், சிறந்து போரிட்ட பிரிவுகளுக்குத் தரப்படும் ‘கார்ட்ஸ்’ தகுதி கிடைத்து, 588 என்ற எண் 46 ஆனது. களத்தில் இறங்கி ஓராண்டுகூட முடியாத பிரிவுக்குக் கிடைத்த அந்தத் தகுதி, சலுகையால் வந்ததல்ல. 325-வது இரவுக் குண்டுவீச்சு டிவிஷனில் அவர்களோடு அதே விமானத்தில் பறந்த ஆண்களின் பிரிவுகளும் இருந்தன. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

ஐந்து நிமிட அற்புதம்

அவர்களுக்குக் கிடைத்தது போ-2 என்ற இரட்டை இறக்கை விமானம். இருபதுகளின் இறுதியில் நிகலாய் பலிகார்பவ் பயிற்சிக்காக வடிவமைத்தது. மரச் சட்டம், மேலே துணி; சுமார் 100 குதிரைத்திறன் எஞ்சின்; உச்ச வேகமே மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டித்தான். 200 முதல் 300 கிலோ குண்டுக்கு மேல் தூக்காது. பகலில் இதை ஓட்டினால் தப்ப முடியாது. எனவே இரவு. இலக்கை நெருங்கியதும் எஞ்சினைத் தணித்து, சத்தமில்லாமல் வழுக்கி இறங்கிக் குண்டைப் போட்டுவிட்டு, மறுபடி எஞ்சினை முடுக்கித் திரும்புவார்கள்.

ஒரு விமானம் ஒரு பறப்பில் போடும் குண்டு சொற்பம். ஆகவே, எத்தனை முறை போய் வருகிறோம் என்பதே கணக்கு. இங்கேதான் இந்தப் படைப்பிரிவின் அறிவு தெரிகிறது. ராணுவ விதிப்படி ஒவ்வொரு விமானத்துக்கும் தனி மெக்கானிக், தனி ஆயுதப் பணியாளர். தன் விமானம் வந்தால்தான் அவருக்கு வேலை. வராதவரை காத்திருக்க வேண்டும். மூன்று விமானங்கள் சேர்ந்தாற்போல் இறங்கினால், ஒவ்வொன்றையும் ஒருவரே இழுத்துப் பறித்துத் தயார்செய்ய வேண்டும். 46-வது பிரிவின் பெண்கள் இந்த விதியை ஓரமாக வைத்துவிட்டு, வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இறங்கும் விமானத்தை ஒருவர் எதிர்கொண்டு நிறுத்துவார். இன்னொருவர் எரிபொருள் நிரப்புவார். வேறொரு குழு இறக்கைக்கு அடியில் குனிந்து குண்டுகளை மாட்டும். எந்த விமானம் வந்தாலும் சரி, கை ஓயாமல் வேலை நடக்கும். விமானம் ஐந்தே நிமிடத்தில் மறுபடி புறப்பட்டது.

இருட்டில், விளக்கை மறைத்துக்கொண்டு இந்த வேலை நடந்தது. கையுறை போட்டால் குண்டின் திரியைப் பொருத்த முடியாது என்பதால், உறைபனியிலும் வெறும் கையோடு நின்றார்கள். நீண்ட குளிர்கால இரவுகளில் ஒரே குழுவினர் பத்து முறைக்கும் மேல் போய்வர முடிந்தது இப்படித்தான்.

ஆள் பற்றாக்குறைக்கும் அவர்களே வழி கண்டார்கள். விமானிகள் இறந்தால் நேவிகேட்டர்களை விமானிகளாக்கினார்கள்; மெக்கானிக்குகளையும் ஆயுதப் பணியாளர்களையும் நேவிகேட்டர்களாகப் பழக்கினார்கள். இதற்கென்று பிரிவுக்குள்ளேயே வகுப்பு நடந்தது. போர் முடியும்வரை ஓர் ஆணையும் சேர்க்காமல் அந்தப் பிரிவு இயங்கியதற்கு இந்த உள்பயிற்சியே காரணம். நேவிகேட்டராக வந்து விமானியான நதால்யா மேக்லின் 980 முறை பறந்தார். இரீனா செப்ரவா ஆயிரத்தையும் தாண்டினார்.

இந்த வகைத் தாக்குதலால் பெரிய நகரங்கள் தரைமட்டமாகவில்லை. அது நோக்கமும் இல்லை. முன்னணியில் கிடக்கும் சிப்பாயைத் தூங்கவிடாமல், எரிபொருள் கிடங்கையும் பாலத்தையும் நிம்மதியாக விட்டுவைக்காமல் இரவு முழுவதும் அலைக்கழிப்பதே வேலை. போ-2 பிரிவுகளின் தொல்லையைப் பார்த்த ஜெர்மன் விமானப்படை, 1942 இறுதியில் தானும் பழைய பயிற்சி விமானங்களைத் திரட்டி அதே மாதிரி இரவுத் தொல்லைக் குழுக்களை அமைத்தது. எதிரியே பார்த்துப் பின்பற்றிய போர்முறைக்கு வேறு நற்சான்று தேவையில்லை.

கொடுத்த விலை

1943 ஜூலை 31 இரவு. குபான் பகுதியில் ஜெர்மானியர் அமைத்திருந்த ‘நீலக்கோடு’ அரண் மீது தாக்குதல். முதல் விமானத்தைத் தேடுவிளக்குகள் பிடித்தன. வழக்கமாக உடனே முழங்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் அன்று வாய் திறக்கவில்லை. அந்த அமைதிக்கான காரணம் நொடிகளில் தெரிந்தது: வானத்தில் ஜெர்மன் இரவுப் போர் விமானம் காத்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு போ-2 விமானங்கள் தீப்பிடித்து விழுந்தன. பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் தங்கள் தோழிகள் எரிவதைப் பார்த்தபடியே இலக்கை நோக்கிப் பறந்தார்கள். அன்று இறந்தவர்கள் எட்டுப் பேர். ஒருவரிடமும் பாராசூட் கிடையாது. 1944-ல்தான் இந்தப் பிரிவில் பாராசூட் அணியத் தொடங்கினார்கள்.

போர்க்காலத்தில் இந்தப் பிரிவு 30-க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. வானியல் மாணவி எவ்கேனியா ரூத்னெவா தன் 645-வது பறப்பில், 1944 ஏப்ரலில் கேர்ச் அருகே விழுந்தார். 1907 என்ற எண்ணுள்ள சிறுகோள் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1944 டிசம்பரில் எரியும் விமானத்திலிருந்து ஓல்கா சன்ஃபீரவா பாராசூட்டில் குதித்துத் தப்பினார். தரையில் கண்ணிவெடியை மிதித்து இறந்தார். கஸாக் பெண் ஹியுவாஸ் தஸ்பானவா, தரையிறங்கும்போது நேர்ந்த மோதலில் இரண்டு கால்களும் முறிந்தும் பிரிவுக்குத் திரும்பி வந்தார்.

1945-ல் நடந்தது என்ன?

படைப்பிரிவைக் கலைத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. போர் முடிந்த மூன்று ஆண்டுகளில் சோவியத் ராணுவம் ஒரு கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிலிருந்து 30 லட்சத்துக்கும் கீழே சுருங்கியது. ஜெட் யுகம் பிறந்துகொண்டிருந்தது. ஆண்கள் பறந்த போ-2 பிரிவுகளும் தப்பவில்லை. ஆகவே, கலைத்தது தவறு என்று சொல்ல முடியாது. கலைத்த பிறகு அந்த விமானிகளுக்கு என்ன வழி வைத்தார்கள் என்பதே கேள்வி.

வழி வைக்கவில்லை. விமானப்படைப் பள்ளிகளில் பெண்களைச் சேர்ப்பது நின்றுபோனது. இது திடீரென வந்த முடிவும் அல்ல. 1943-லேயே பெருநகரங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பள்ளிகள் வந்துவிட்டன. 1944 ஜூலையில் வந்த குடும்ப ஆணை, பத்துக் குழந்தைகளை வளர்த்த பெண்ணுக்கு ‘வீரத்தாய்’ பட்டம் அறிவித்தது. இந்தப் பெண்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அரசு அவர்களை எங்கே திருப்பி அனுப்பப்போகிறது என்பது முடிவாகியிருந்தது. 1945 ஜூலையில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பெண்களிடம் பேசிய சோவியத் அரசுத் தலைவர் மிகயீல் கலீனின், செய்த சேவையைத் தாங்களே பெருமையாகப் பேசிக்கொள்ள வேண்டாம் என்று அறிவுரை சொன்னார். 2 கோடியே 70 லட்சம் உயிர்களை இழந்த நாட்டின் மக்கள்தொகைக் கவலை புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால், அந்தக் கவலைக்கான விலையைப் பெண்கள் மட்டும் தங்கள் தொழிலால் கட்ட வேண்டியிருந்தது.

விமானம் பழசாகிவிட்டது என்ற வாதமும் முழுதாக நிற்கவில்லை. கொரியப் போரில் வட கொரியா அதே போ-2 விமானங்களை அதே இரவு முறையில் பறக்கவிட்டது. 1951 ஜூனில் சுவோன் தளத்தில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்காவின் அதிநவீன சேபர் ஜெட் விமானங்களை அவை சேதப்படுத்தின. அந்த விமானத்துக்குப் போர்க்களத்தில் இன்னும் வேலை இருந்தது. அதை இரவில் ஓட்டுவதில் உலகிலேயே தேர்ந்தவர்களாக இருந்த பெண்களுக்கு இல்லை.

அவர்கள் வீணாகவில்லை, நாடு இழந்தது

விமானப்படை விட்டுவிட்ட இந்தப் பெண்கள் போன இடமெல்லாம் தடம் பதித்தார்கள். ரகபோல்ஸ்கயா இயற்பியலுக்குத் திரும்பி, மாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியராகி, காஸ்மிக் கதிர்த் துறைக்குத் தலைவராகி, 2016-ல் 96 வயதில் மறைந்தார். மரீனா செச்னெவா விளையாட்டு விமானப் பறப்பில் சாதனை படைத்தார். வரலாற்றில் ஆய்வுப்பட்டமும் பெற்றார். எவ்கேனியா ஷிகுலென்கோ ஐம்பதை நெருங்கும் வயதில் திரைப்படக் கல்வி கற்று, 1981-ல் தங்கள் படைப்பிரிவைப் பற்றியே படம் எடுத்தார். மேக்லினும் ரூஃபினா காஷெவாவும் ராணுவத்தின் மொழிக் கல்வி நிறுவனத்தில் படித்தார்கள். ராணுவத்தில் அவர்களுக்கு இடம் இருந்தது, வகுப்பறையிலும் மொழிபெயர்ப்பு மேசையிலும்.

ஆண்டுதோறும் மே 2 அன்று மாஸ்கோவின் பல்ஷோய் தியேட்டர் எதிரே உள்ள பூங்காவில் அவர்கள் கூடினார்கள். பதக்கங்கள் பின்னாலும் வந்துகொண்டிருந்தன. 1990-களில் இருவருக்கு ரஷ்யாவின் வீரர் பட்டம். 2004-ல் தஸ்பானவாவுக்குக் கஸாக்ஸ்தானின் உச்சப் பட்டம். தளபதி பெர்ஷான்ஸ்கயாவுக்கோ, 23 வீரர்களை உருவாக்கியும், ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. தனிநபரின் துணிச்சலைக் கணக்கிடத் தெரிந்த அரசுக்கு, ஓர் அமைப்பைக் கட்டி நடத்திய ஆற்றலை மதிப்பிடத் தெரியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ரஷ்யாவின் கிராஸ்னதார் ராணுவ விமானிப் பள்ளி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 2017-ல்தான்; படைப்பிரிவு கலைக்கப்பட்டு 72 ஆண்டுகளுக்குப் பிறகு. எந்தத் தமான் தீபகற்பத்துக்காகப் போரிட்டு ‘தமான்’ என்ற பெயரைப் பெற்றார்களோ, அது அந்தக் கிராஸ்னதார் பிரதேசத்தில்தான் இருக்கிறது.

இது சோவியத் அரசின் தனிக் குற்றமும் அல்ல. அமெரிக்கா தன் ‘வாஸ்ப்’ பெண் விமானிகளின் அமைப்பை 1944 டிசம்பரில் கலைத்தது. அவர்களில் 38 பேர் பணியில் இறந்திருந்தும், படைவீரர் தகுதி கிடைக்க 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. வாஷிங்டனும் மாஸ்கோவும் எதிரெதிர்க் கொள்கைகள் பேசிய காலத்தில், இந்த ஒன்றில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டன.

ஆபத்து வரும்போது பெண்களை அழைக்க அரசுகள் கடைசியில் ஒப்புக்கொள்கின்றன. ஆபத்து நீங்கியதும், அந்த அழைப்பு விதிவிலக்காகிவிடுகிறது. விதிவிலக்கைக் கொண்டாடுவது எளிது. ஆண்டுக்கு ஒரு விழா போதும். விதியை மாற்ற வேண்டுமானால் பயிற்சிப் பள்ளியில் இடம், பதவி உயர்வில் பங்கு, ஓய்வுபெறும்வரை தொழில் என்று தொடர்ச்சியாகச் செய்ய வேண்டும். 46-வது படைப்பிரிவு விட்டுச்சென்ற பாடம் இதுதான்: திறமை நிரூபிக்கப்பட்டுவிட்டால் உரிமை தானாக வந்துவிடாது. 24,000 பறப்புகளும் 23 நட்சத்திரங்களும் போதாத இடத்தில், இன்னொரு சாதனையைக் காட்டச் சொல்லிப் பெண்களைக் கேட்பது நியாயமல்ல. கணக்குக் கேட்க வேண்டியது அரசுகளிடம்: போரில் அழைத்தவர்களுக்கு அமைதியில் என்ன இடம் வைத்திருக்கிறீர்கள்?