அந்த எடையைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்

பள்ளியில் மருத்துவ முகாம். வகுப்பு வாசலில் எடை மெஷின். ஒருவர் எடையை உரக்கச் சொல்ல, இன்னொருவர் பதிவேட்டில் எழுதுகிறார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏறி நிற்கிறாள். “எழுபத்திரண்டு” என்றதும் வரிசையின் பின்னாலிருந்து சிரிப்பு. சாயங்காலத்துக்குள் அந்த எண்ணே அவளுக்குப் பட்டப்பெயராகிவிடும். இப்படி எடை பார்ப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் சுமார் 1.25 கோடிப் பேர் 2022இல் உடல் பருமனுடன் இருந்ததாக லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 1990இல் இது சுமார் 4 லட்சம்தான். பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதமும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதமும் அதிகம் என்று, பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வு கண்டது. அது பெரும்பாலும் பெரியவர்களின் கணக்கு. ஆனால் இந்தச் சுழல் வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகிறது. கேலிக்குப் பயந்த பிள்ளை பி.டி. பீரியடில் வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறது. விளையாட்டு போகிறது, சிநேகிதம் போகிறது. ராத்திரி போர்வைக்குள் செல்போன், தூக்கக்கேடு, யாரும் பார்க்காத நேரத்தில் சிப்ஸ் பாக்கெட். எடை ஏற ஏறக் கேலியும் ஏறுகிறது.

பிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்பதில்லை. எரிந்து விழுவது, பள்ளிக்குப் போக மறுப்பது என்றும் வரும். திமிர், சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவது பல நேரம் அதைத்தான்.

“நாலு பேர் சொன்னால்தானே உறைக்கும்” என்கிற பெற்றோரின் அக்கறை உண்மையானது, வழிதான் தவறு. கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்த ஆய்வில், எடை விவரத்தை வீட்டுக்கு அனுப்பியும் பிள்ளைகளின் எடை குறையவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்டவர்களிடம் தங்கள் உடல்மீதான அதிருப்திதான் கூடியது.

அதற்காக எடையே பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. மெலிந்த பிள்ளைகளைக் கண்டறியவும் அது தேவை. ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. அவர்கள் தனி அறையில், ஒவ்வொருவராக எடை பார்க்கட்டும். தூக்கம், சாப்பாடு, பள்ளியில் நடக்கும் கேலி பற்றி அங்கேயே நாலு கேள்வி கேட்கட்டும். தனியார் பள்ளிகளுக்கும் இதையே அரசு கட்டாயமாக்க வேண்டும். பருமன் என்று குறிக்கப்பட்ட பிள்ளையை உணவு ஆலோசனையோடு மட்டும் அனுப்பாமல் மனநல ஆலோசகரிடமும் அனுப்ப வேண்டும். வீட்டுக்குப் போகும் படிவத்தில் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416 பெற்றோர் கண்ணில் படும்படி அச்சிடப்பட வேண்டும்.