பட்டுக்கு வெள்ளி, பேனலுக்குச் செம்பு!

உத்திரமேரூர் பக்கத்தில் கல்யாணம் என்றால், பெண்ணுக்குக் காஞ்சிபுரம் பட்டு வேண்டும். பட்டு மினுமினுக்க ஜரிகை வேண்டும். ஜரிகைக்கு வெள்ளி வேண்டும். பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அதுதான் அசல் ஜரிகை.

அந்த வெள்ளிக்கு இப்போது ஒரு போட்டி வந்திருக்கிறது. அதுதான் சோலார் பேனல்!

வெள்ளி வாய்க்கால்

பேனலை உற்றுப் பாருங்கள். கருநீலச் சில்லுகளின் மேல் தலைமுடி போன்ற கோடுகள் தெரியும். வெயில் பட்டதும் சில்லில் மின்சாரம் பிறக்கிறது. அதைத் திரட்டி வெளியே கொண்டு வரும் வாய்க்கால்கள்தான் இந்தக் கோடுகள். வெள்ளித் தூளைப் பசையாகக் குழைத்து, சில்லின் மேல் அச்சிட்டு, சூளையில் சுடுகிறார்கள்.

ஒரு சில்லுக்குச் செலவாவது ஏறத்தாழ ஒரு குன்றிமணி எடை வெள்ளிதான். ஆனால் சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா? 2024-ம் ஆண்டில் உலகம் முழுவதும் செலவான வெள்ளியில், சுமார் ஆறில் ஒரு பங்கைப் பேனல்கள் விழுங்கின. 2025-ல் நம் நாட்டில் கிலோ வெள்ளி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலேயும் விற்றது. விலை ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒன்று.

செம்பு போதாதா?

மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு முதல் இடம். அடுத்த இடம் செம்புக்கு. வித்தியாசம் கொஞ்சம்தான். விலையோ மிக மிகக் குறைவு.

பிறகு ஏன் தயக்கம்? சூளையில் சுட்டால் செம்பு காற்றுப் பட்டுக் கருத்துவிடும். சில்லுக்குள் ஊறி அதையே கெடுத்தும் விடும்.

சுடாமலே ஒட்டவைக்க ஒரு வழி இருக்கிறது. செம்புத் தூளை அழுத்தமான காற்றில் கலந்து, ஒலியை விட வேகமாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். தூள் உருகாது. மோதிய வேகத்தில் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். இதற்குக் 'குளிர் தெளிப்பு' என்று பெயர். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் உலோகத் தூள் ஆராய்ச்சி நிலையம் இந்தத் தெளிப்பு முறையில் கைதேர்ந்தது.

சிக்கல் இல்லாமல் இல்லை. சில்லின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. வேகம் மிஞ்சினால் உடைந்துவிடும். செம்பு ஊறாமல் தடுக்க, அடியில் வேறொரு பூச்சும் வேண்டும். கடினமான வேலைதான். அதற்காக விட்டுவிடலாமா?

திருநெல்வேலி கங்கைகொண்டானில் 2024 முதல் சில்லுகள் தயாராகின்றன. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சம் இல்லை. இந்தச் சிக்கலை மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். அரசும் ஆலைகளும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். வெற்றி கிடைத்தால் விவசாயிக்கு மலிவாகப் பேனல் கிடைக்கும். நெசவாளிக்கும் ஜரிகைச் சுமை குறையும்.

வெள்ளி தறிக்குப் போகட்டும். செம்பு கூரை மேல் ஏறட்டும்!