மார்க் போட வேண்டியது கிளப்புக்கு

ஆண்டுதோறும் நவம்பர் பிற்பாதியில் ஆஸ்திரேலியாவில் ஏ.எஃப்.எல். லீகின் டிராஃப்ட் நடக்கிறது. ஆட்டத்துக்கு ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்பது ஏட்டுப் பெயர். இங்குள்ளவர்களுக்கு அது ஃபுட்டி. அந்த ஆட்டத்தின் 18 கிளப்புகளும், பள்ளிக்கூடத்தை அப்போதுதான் விட்ட பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. முடிந்த சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி உரிமை என்பது அடிப்படை விதி. கிளப்புகள் தங்கள் முறையைத் தமக்குள் கைமாற்றிக்கொள்வதும், முன்னாள் வீரரின் மகனுக்கு அப்பாவின் கிளப் முன்னுரிமை கோருவதும் அந்த வரிசையைக் கொஞ்சம் குலைக்கும். பையன் மேடையேறி ஜெர்சியை வாங்குவதற்குள் ரசிகர்கள் மார்க் போடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் கிளப் கெட்டிக்காரத்தனமாக எடுத்தது, அந்தக் கிளப் கோட்டைவிட்டது என்று மறுநாள் காலைக்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். ரசிகர்கள் மதிப்பிடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பிட வேண்டிய ஆளை மாற்றுங்கள் என்கிறேன். ஒரு தேர்வு தேறியதா, தேறவில்லையா என்பதை அந்தப் பையனின் திறமையைவிட, அடுத்த சில ஆண்டுகளில் அவனை எடுத்த கிளப் இருந்த இருப்புதான் அதிகம் தீர்மானிக்கிறது.

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உற்சாகம் புதிதல்ல. ஆனால் ஏலத்தில் வருகிறவர்களில் பலரும் வளர்ந்த ஆட்டக்காரர்கள். மாநில அணிக்கோ நாட்டுக்கோ ஆடி நாம் பார்த்தவர்கள். அங்கேயே கணக்கு எப்படித் தப்புகிறது என்பதற்குச் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனே சாட்சி. 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆறு ஆட்டங்களோடு சரி. மறு ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கி இரண்டு சீசன் வெளியே உட்கார வைத்தது. 2020இல் இறக்கிவிட்டது. அந்த டிசம்பரில் அவர் கான்பராவில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார், ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். 2017 ஏலத்துக்கு மார்க் போட்டவர்கள் அவரை எந்தப் பட்டியலில் வைத்திருப்பார்கள்? ஏ.எஃப்.எல். டிராஃப்டில் வருகிறவர்களோ பெரியவர்களோடு மோதிய அனுபவம் அதிகம் இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைகள். இருபது மீட்டரை எத்தனை நொடியில் ஓடினான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்பினான், இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ன நேரம் என்று அளக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டிகளின் வீடியோ இருக்கிறது. உடம்பைப் பற்றி இவை நிறையச் சொல்லும். நான்கு தோல்விக்குப் பிறகு ஐந்தாவது வாரம் அவன் எப்படிப் பயிற்சிக்கு வருவான் என்பதைச் சொல்லாது.

முன்வரிசைத் தேர்வுகள் சராசரியாக நன்றாகத்தான் ஆடுகிறார்கள். அதை மறுக்க முடியாது. 2015இல் ஏ.எஃப்.எல். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு புள்ளி மதிப்பு வைத்தபோது முதல் தேர்வுக்கு 3000, இரண்டாவதற்கு 2517 என்று சட்டென்று இறங்கும் வரிசையைத்தான் கொடுத்தது. ஆனால் நூறு பேரின் சராசரி, மேடையில் நிற்கும் ஒருவனைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. 2001 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இடங்களில் போன லூக் ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட் மூவரில் யார் சிறந்த தேர்வு என்று அன்றைக்குத் தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. மூவருமே பின்னால் கோப்பை வென்றார்கள். அதே டிராஃப்டில் 36ஆவதாகப் போன சாம் மிட்செல் 2008இல் ஹாத்தோர்னுக்குக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன். முந்தைய ஆண்டு டிராஃப்டில் அவரை ஒருவரும் சீண்டவில்லை. 58ஆவதாகப் போன டேன் ஸ்வான் 2011இல் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் பெற்றார்.

என் வாதத்துக்கு வலுவான சாட்சி மெல்பர்ன் கிளப்தான். 2008இல் அதன் முதல் தேர்வு ஜாக் வாட்ஸ். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், ராணி பிறந்தநாள் விடுமுறையன்று, எம்.சி.ஜி. மைதானத்தில் காலிங்வுட்டுக்கு எதிராக அவரை முதன்முதலாக இறக்கினார்கள். அப்போது அவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். ஒல்லியான உடம்பு. பந்து கைக்கு வந்ததும் காலிங்வுட் ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து அவரைத் தரையோடு அமுக்கினார்கள். அன்றைக்கு அந்தப் பையன் என்ன தவறு செய்தான் என்று யோசித்தால் ஒன்றும் தென்படவில்லை. தயாராகாத பிள்ளையை, ஆண்டின் மிகப் பெரிய ஆட்டங்களில் ஒன்றில், கூட்டம் பார்க்க இறக்கிவிட்ட முடிவு கிளப்புடையது. ஆனால் ஏமாற்றம் என்ற முத்திரை குத்தப்பட்டது வாட்ஸ் மேல். 2017 கடைசியில் அவர் போர்ட் அடிலெய்டுக்குப் போகும்வரை, இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர்களையும் சேர்த்து, மெல்பர்னில் ஆறு பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டார்.

2009 டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வுகளுமே மெல்பர்னுக்கு: டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ். அன்றைய மதிப்பீட்டில் இதைவிட நல்ல அறுவடை இருந்திருக்க முடியாது. நடந்ததோ வேறு. 2011 ஜூலையில் ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றதும் பயிற்சியாளர் டீன் பெய்லியை நீக்கினார்கள். அந்த ஆண்டு முடிவில் ஸ்கல்லி சிட்னியின் புதிய கிளப்பான ஜி.டபிள்யூ.எஸ். ஜயண்ட்ஸுக்குப் போய்விட்டார். ட்ரெங்கோவை இருபது வயதில் இணைக் கேப்டன் ஆக்கினார்கள். பிறகு அவர் கால் எலும்புக் காயத்தால் சீசன்களை இழந்தார். 2013இல், 2009ஆம் ஆண்டு ஆட்டங்கள் பற்றிய விசாரணையின் முடிவில், வேண்டுமென்றே தோற்றதாக நிரூபணம் ஆகவில்லை என்றாலும் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. இப்படிப்பட்ட வீட்டில் எந்தப் பிள்ளை தலையெடுக்கும்? அதே 2009இல், மார்க் போட்டவர்கள் கவனித்திருக்கவே மாட்டாத 34ஆவது இடத்தில், மெல்பர்ன் மேக்ஸ் கான் என்ற நெட்டைப் பையனை எடுத்திருந்தது. முழங்கால் காயங்களோடு அவருக்கும் ஆண்டுகள் கழிந்தன. 2014இல், சிட்னிக்கு 2005 கோப்பையை வாங்கித் தந்த பால் ரூஸ் மெல்பர்ன் பயிற்சியாளராக வந்தார். அதன் பின் எடுத்த முன்வரிசைப் பையன்கள், கிறிஸ்டியன் பெட்ராக்கா, ஆங்கஸ் பிரேஷா, கிளேட்டன் ஆலிவர், நிலைத்தார்கள். பெட்ராக்கா முதல் சீசன் முழுவதையும் முழங்கால் காயத்தில் தொலைத்தவர். அந்த ஆண்டு அவருக்கு மார்க் போட்டிருந்தால் பூஜ்யம்தான். 2021இல் கான் தலைமையில் மெல்பர்ன் 57 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வென்றது, பெட்ராக்கா இறுதி ஆட்டத்தின் நாயகன். அதே கிளப், அதே மாதிரி உயர்ந்த தேர்வுகள். இடையில் மாறியது கிளப் நடந்த விதம்.

மறுபக்கச் சோதனையும் நடந்திருக்கிறது. 2011இல் கோல்ட் கோஸ்ட், 2012இல் ஜி.டபிள்யூ.எஸ். என்று இரண்டு புதிய கிளப்புகள் லீகில் சேர்ந்தபோது, இரண்டுக்கும் சலுகையாக நாட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர்களை அள்ளிக் கொடுத்தார்கள். ஜி.டபிள்யூ.எஸ். 2016 முதல் பலமுறை ஃபைனல்ஸ் சுற்றுக்கு வந்து 2019இல் இறுதி ஆட்டமும் ஆடியது. கோல்ட் கோஸ்ட் பதினான்கு சீசன் காத்திருந்து 2025இல்தான் அந்தச் சுற்றை எட்டியது. பையன்கள் சரியில்லை என்று சொல்ல முடியாது. கோல்ட் கோஸ்ட்டின் இணைக் கேப்டன்களாக இருந்த டாம் லின்ச், ஸ்டீவன் மே இருவரும் 2018 முடிவில் ஒன்றாக வெளியேறினார்கள். லின்ச் ரிச்மண்டில் இரண்டு கோப்பை வென்றார், மே மெல்பர்னின் 2021 அணியில் இருந்தார். அவர்களுக்கு முன்பே ரிச்மண்டுக்குப் போன டியான் பிரெஸ்டியா மூன்று கோப்பை வென்றார்.

கண்ணுக்கு எதிரே இருந்ததைத் தவறவிட்ட கிளப்பையும் மன்னிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் 2004. ரிச்மண்ட் நான்காவதாக ரிச்சர்ட் டாம்ப்ளிங்கை எடுத்தது. ஐந்தாவதாக ஹாத்தோர்ன் எடுத்த லான்ஸ் ஃபிராங்க்ளின் 2022 மார்ச்சில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஆயிரமாவது கோலை அடித்தபோது ரசிகர் கூட்டம் மொத்தமாக மைதானத்துக்குள் இறங்கியது. டாம்ப்ளிங்கின் பெயர் இன்றுவரை ஒரு வசைச்சொல் போலப் புழங்குகிறது. ஆனால் ஹாத்தோர்ன் அன்றைக்கு இரண்டாவதாகவும் ஒருவரை எடுத்திருந்தது: ஜாரிட் ரஃப்ஹெட். அதாவது ஃபிராங்க்ளினை எடுத்த கிளப்பே முதல் வாய்ப்பில் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. அவர் இப்படி வருவார் என்று ஹாத்தோர்னுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அந்தச் சூதாட்டத்தை ஆடியிருக்குமா? பதினெட்டு ஆண்டு கழித்துத் தெரிந்த விடையை வைத்து டாம்ப்ளிங் என்ற ஒரு மனிதரை வாழ்நாள் முழுக்க அளப்பது அநியாயம்.

உறுப்பினர் சந்தா கட்டி, மழையிலும் மைதானத்துக்குப் போகிற ரசிகனுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லையா என்பது இதைவிட நியாயமான மறுப்பு. உரிமை முழுக்க இருக்கிறது. இப்போது அந்த உரிமை மேடையில் நிற்கும் பையன்மேல் செலவாகி, நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது என்பதே என் வருத்தம். பெர்த்திலிருந்தோ அடிலெய்டிலிருந்தோ சிட்னிக்கு வருகிற பிள்ளையை யார் வீட்டில் தங்க வைக்கிறார்கள், அவன் பேச யார் இருக்கிறார்கள், இளம் ஆட்டக்காரர்களுக்கென்று எத்தனை பயிற்சியாளர்கள், எடுத்த பையன்களில் எத்தனை பேர் ஐந்து ஆண்டு கழித்தும் கிளப்பில் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். பிள்ளையைத் தூர தேசத்துக்குப் படிக்க அனுப்பிய வீடுகளுக்கு இந்தக் கேள்விகளின் கனம் விளங்கும். பிரிஸ்பேன் லயன்ஸிலிருந்து 2013 முடிவில் ஐந்து இளைஞர்கள் ஒரே மூச்சில் வெளியேறினார்கள். அவர்களில் எலியட் இயோ 2018இல் வெஸ்ட் கோஸ்ட்டோடு கோப்பை வென்றார். அந்த ஐவருக்கு அவரவர் டிராஃப்ட் நாளில் போடப்பட்ட மார்க், பிரிஸ்பேனில் என்ன கோளாறு என்று ஒருவருக்கும் சொல்லியிருக்காது. 2017இல் கிறிஸ் ஃபேகன் பயிற்சியாளராக வந்த பிறகு அதே பிரிஸ்பேன் மெல்ல எழுந்து 2024இலும் 2025இலும் கோப்பை வென்றது.

கிளப் எவ்வளவு நன்றாக நடந்தாலும் காயத்தையும் அதிர்ஷ்டத்தையும் யாராலும் கட்டுப்படுத்த முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2014இல் செயின்ட் கில்டா முதல் தேர்வாக எடுத்த பேடி மெக்கார்ட்டின் தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டு 2019இல் கிளப்பை விட்டு நீங்கினார். சிட்னி ஸ்வான்ஸ் அவரைத் தற்காப்பு ஆட்டக்காரராக மாற்றி 2022 இறுதி ஆட்டத்தில் தம்பி டாமோடு சேர்த்து இறக்கியது. மறு ஆண்டு மறுபடி தலையில் அடி. ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று. அதே டிராஃப்டில் இருந்த பெட்ராக்காவை விட்டுவிட்டு இவரை எடுத்தார்களே என்று இன்றும் சொல்கிறவர்கள், ஒரு இளைஞனின் மூளைக்கு விழுந்த அடியைத் தேர்வுக்குழுவின் பிழைக் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு இது மனிதத்தன்மை அற்றதாகவே படுகிறது.

2028இல் டாஸ்மேனியா பத்தொன்பதாவது கிளப்பாக வரவிருக்கிறது. கோல்ட் கோஸ்ட்டுக்கும் ஜி.டபிள்யூ.எஸ்.ஸுக்கும் கொடுத்ததுபோல அதற்கும் இளம் ஆட்டக்காரர்களைக் கூட்டமாகக் கொடுப்பார்கள். எந்தப் பையன் முதலில், எவன் இரண்டாவது என்ற வாதம் அப்போது உச்சத்துக்குப் போகும். ஹோபார்ட்டின் மக்குவாரி பாயிண்டில் கட்டப்போகும் ஸ்டேடியத்தைப் பற்றி அந்த மாநிலம் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே யார் பயிற்சி தருவார்கள், இரண்டாவது குளிர்காலத்தில் வீட்டு நினைப்பு வந்தால் யாரிடம் போவார்கள் என்பதைப் பற்றி அதில் பாதி சத்தமாவது எழட்டும்.